சுக்கானின் அரைப் பங்கு

அத்தியாயம் பதினொன்று

"உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியமானது" என்று ஒரு பெண் குரல் ஐந்து நாளாக ரெஜினாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறது. அவ்வளவு முக்கியம் என்றால் எடுத்துப் பேச வேண்டியதுதானே? அதைக் கேட்கலாம் என்றால் அந்தப் பக்கம் ஆள் இல்லை. பாட்டுத்தான் ஓடுகிறது.

சுக்கானை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பாம்பன் தெற்குவாடியில் டேவிட்ராஜும் அவன் சித்தப்பா சூசைமுத்துவும் கூட்டாக வைத்திருக்கும் வள்ளத்தில், முன்பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு கடலுக்குப் போய் வரும் நாட்டு நாய். போன வாரம் புயல் கூண்டு ஏற்றுவதற்கு முந்தின நாள், கரையில் எல்லோரும் வலையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் உயிரோடு கிடந்த திருக்கை ஒன்று வாலை விசிறியதில் சுக்கானின் முன்னங்காலில் முள் ஏறிவிட்டது. ராமநாதபுரத்தில் கிளினிக் வைத்திருக்கும் கால்நடை டாக்டர் சூஃபியா முள்ளை எடுத்தார். ஆனால் நுனி ஒடிந்து மூட்டுக்குள் தங்கிவிட்டது. ஆபரேஷன் செய்துதான் அதை எடுக்க வேண்டும்.

ஆபரேஷனுக்கு என்ன கவலை, சுக்கானுக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று டேவிட்ராஜின் மனைவி ரெஜினா தைரியமாக இருந்தாள். கம்பெனியில் ஒரு விதி வைத்திருந்தார்கள். அவர்கள் ஆள் வந்து காயத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஆபரேஷன் செய்தால் ஒரு பைசா வராது. சரி, ஆளை அனுப்புங்கள் என்றால், இதோ அதோ என்று ஐந்து நாள் ஓட்டிவிட்டார்கள். கம்பெனிக்காரர்களுக்கு அவசரம் இல்லை. சீழுக்கு அந்தப் பொறுமை கிடையாது, முன்னங்கால் முழுக்க வீங்கிவிட்டது.

இன்று காலையில் டாக்டர் சூஃபியாவே கூப்பிட்டார்.

"ரெஜினா, மதுரையிலேர்ந்து எலும்பு ஆபரேஷன் பண்ற டாக்டர் இன்னிக்குச் சாயந்தரம் நம்ம கிளினிக்குக்கு வர்றார். இன்னிக்கு விட்டா அடுத்த வாரம்தான். அதுவரைக்கும் கால் தாங்காது. காலையே எடுக்க வேண்டி வந்துரும், சொல்லிட்டேன்."

"கொண்டு வந்துர்றோம் டாக்டர்."

"அவர் கட்டணத்தை முன்கூட்டியே கட்டணும்மா. எனக்கு வர்ற காசா இருந்தா நானே வேணாம்னு விட்டுருவேன்."

"கம்பெனிக்காரர் இன்னிக்கு வாரேன்னு மெசேஜ் போட்டிருக்காரு. பாத்து அனுமதி குடுத்துட்டா பணம் நேரா உங்களுக்கே வந்துரும்."

புயலால் ஒரு வாரமாக யாரும் தொழிலுக்குப் போகவில்லை. வீட்டில் இருந்தது அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் போய்விட்டது. இன்சூரன்ஸை விட்டால் சுக்கானின் காலுக்கு வேறு வழி இல்லை.

இந்தத் திட்டத்தை அவள் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கவில்லை. பாம்பன் இ-சேவை மையத்தில் அவளுக்கு வேலை. ஊரில் பாதிப் பேருக்கு அவள்தான் எல்லாம் படித்துச் சொல்லிப் பதிந்து கொடுப்பாள். 'ரெஜினா பார்த்துட்டாளா? அப்பச் சரி' என்பார்கள். அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

மூன்று கம்பெனிகளின் திட்டங்களை அவள் மதியச் சாப்பாட்டு நேரங்களில் படித்தாள். முதலாவது, வம்சச் சான்றிதழ் உள்ள உயர்ரக நாய்களுக்கு மட்டும். மனிதர்களுக்குச் சாதிச் சான்றிதழ் பதிந்து கொடுத்தே கை ஓய்ந்தவளுக்கு, நாயிடமும் அதைக் கேட்டது எரிச்சலாக இருந்தது. இரண்டாவதில் நோய்க்கு உண்டு, விபத்துக்குக் கிடையாது. நோயிலும் முதல் மாதத்தில் வந்தால் கிடையாது, தடுப்பூசி போட்டிருந்தால் தவிர்த்திருக்கலாம் என்றால் கிடையாது, பல் என்றால் கிடையாது, பிரசவம் என்றால் கிடையாது. இத்தனை கிடையாதுகளையும் கழித்தால் மிச்சம் இருப்பது சளிதான். மூன்றாவதில் விபத்து, ஆபரேஷன் இரண்டும் இருந்தன. நாட்டு நாயையும் சேர்த்துக்கொண்டார்கள். கடல் வழியிலோ வான் வழியிலோ போகும்போது அடிபட்டால் மட்டும் கிடையாது. அந்த ஒரு வரியை அவள் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"கேட்டா, கரையில நடந்துச்சுன்னு சொல்லுங்க" என்றாள் டேவிட்ராஜிடம். "உண்மையும் அதுதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை வேணாம்."

டேவிட்ராஜ் சுக்கானின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். நாய்க்குக் காய்ச்சல். மூக்கு காய்ந்து கிடந்தது.

"வள்ளத்துல போவானான்னு கேட்டா?"

"போவான்னு சொல்லுங்க. ஆனா அடிபட்டது கரையில. பொய் சொல்லச் சொல்லல, வாயைக் குறைங்கன்னுதான் சொல்றேன்."

"இன்சூரன்ஸ்காரன் குடுப்பான்னு ரொம்ப நம்பாத, ரெஜினா."

"விடிஞ்சதும் நல்ல வார்த்தை சொல்ல உங்களுக்கு வாய் வராதே" என்று அவள் சிடுசிடுத்துவிட்டு உள்ளே போனாள்.

மழை தூறிக்கொண்டிருக்கும்போதே கம்பெனி ஆள் வந்து சேர்ந்தான். வசந்தகுமார் என்று பெயர். பாலத்துக் காற்றில் பைக்கை ஓட்டி வந்ததில் மழைக்கோட்டு ஒரு பக்கம் கிழிந்திருந்தது. ஐந்து நாளாக அவள் மனதுக்குள் திட்டித் தீர்த்த ஆள் இவன்தான். நேரில் பார்த்தால் நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி நடுங்கிக்கொண்டு, தலை துவட்டத் துண்டு கேட்டான். திட்டக்கூட மனம் வரவில்லை. அதுவே அவளுக்கு இன்னொரு எரிச்சல்.

ஆனால் வேலையில் அவன் சுத்தம். சுக்கானின் இரண்டு காதுகளையும் தூக்கிப் பார்த்தான். பழைய போட்டோவோடு நெற்றி மச்சத்தை ஒப்பிட்டான். காலைத் தொடாமல் எல்லாப் பக்கமும் படம் எடுத்தான். சுக்கான் அத்தனை காய்ச்சலிலும் வாலை ஒரு தடவை தரையில் தட்டியது. வந்தவன் முகம் கொஞ்சம் இளகியது.

"அடிபட்டது எங்க சார்?"

"கரையில" என்றான் டேவிட்ராஜ்.

"படகுக்குள்ள இல்லையே?"

"இல்ல. வலையை இழுத்து மணல்ல போட்டாச்சு. தட்டும்போது நடந்துச்சு."

வசந்தகுமார் செல்போனில் தட்டிக்கொண்டே தலையாட்டினான். "அப்பக் கடல் வழி விலக்கு பொருந்தாது. ஊசி எல்லாம் சரியா இருக்கு, வயசும் சரி. நான் அனுமதி போட்டு அனுப்பிர்றேன் மேடம். ஒரு மணி நேரத்துல கிளினிக்குக்குத் தகவல் போயிரும்."

ரெஜினாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. தேநீர் போடப் போனாள். இருந்த கடைசிப் பாலையும் அவனுக்கே ஊற்றினாள்.

அந்த நேரம் பார்த்தா சூசைமுத்து வர வேண்டும்?

பக்கத்துக் கொட்டகையில் வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தவர், கம்பெனி ஆள் வந்திருப்பது தெரிந்து, வள்ளத்தில் கூடத் தொழிலுக்கு வரும் ஆட்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். சுக்கானுக்காக நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்ற எண்ணம்தான். மனுசன் மனதில் கள்ளம் கிடையாது. வாயில் கதவும் கிடையாது.

"சார், சும்மா தெரு நாய்னு நினைச்சிராதீக" என்று ஆரம்பித்தார். "நங்கூரம் போட்டுட்டு நாங்க கொஞ்சம் கண் அசந்தம்னா எஞ்சினுக்கும் வலைக்கும் இவன்தான் காவல். போன ஆடியில நடுக்கடல்ல எங்க வலையை யாரோ அறுக்க வந்தாக. இவன் போட்ட சத்தத்துல திரும்பிப் போயிட்டாக."

"மாமா, தேத்தண்ணி குடிக்கிறீகளா?" என்று ரெஜினா குறுக்கே விழுந்தாள்.

"இருக்கட்டும் தாயி. சாருக்குத் தெரியணும்ல. நாங்க இவனை நாயா வைக்கல சார். எங்கள்ல ஒரு ஆளு. அரைப் பங்கு குடுக்கோம்."

ரெஜினாவின் கை தேநீர்க் கிளாஸோடு நின்றுவிட்டது. அரைப் பங்கு என்று இவர்கள் கேலியாகப் பேசிக்கொள்வதை அவளும் கேட்டிருக்கிறாள். நாலு மீனைத் தூக்கிப் போடுவதைச் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தாள்.

வசந்தகுமார் தலையை நிமிர்த்தினான். "பங்குன்னா?"

யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் மாதிரி சூசைமுத்து மணலில் குந்திவிட்டார். "மீனை வித்து வர்றதுல டீசலு, ஐஸு செலவைக் கழிச்சிருவோம். வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு. மிச்சம் ஆளுக்கு ஒரு பங்கு. இவனுக்கு அரை. ரெண்டு வருசமா ஒரு தடவை தவறுனது இல்ல. மாதாவுக்கு மெழுகுதிரி வாங்க மறந்தாலும் இவன் பங்கை மறக்க மாட்டோம்."

"காசாவா?"

"பின்ன? கள்ளப் பங்கா குடுப்போம்?"

கூட வந்த இரண்டு பேரும் பெருமையாகத் தலையாட்டினார்கள். வசந்தகுமார் போனை மடியில் கவிழ்த்து வைத்தான்.

"மேடம், நீங்க எடுத்திருக்கறது வீட்டு வளர்ப்புப் பிராணித் திட்டம். வருமானத்துக்காக, தொழில்ல வேலை செய்யற பிராணிக்கு இதுல கிடையாது. வேலைக்கு வைக்கிற காவல் நாய், பந்தய நாய், இனப்பெருக்கத்துக்கு வைக்கிற நாய் எல்லாம் விலக்கு."

"காவல் காக்காம நாய் பின்ன கணக்கா எழுதும்?" என்று ரெஜினா வெடித்தாள்.

"வீட்டு வாசல்ல படுத்துக் காவல் காத்தா பிரச்சனை இல்ல. இது கூலி வாங்கிட்டுக் காவல் காக்குது."

"அது ஒரு பிரியத்துக்குக் குடுக்கறது சார்!"

"ரெண்டு வருசமா, ஒரு தடவைகூடத் தவறாம, காசா. இத்தனை பேர் முன்னால சொல்லிட்டாரு. நான் இதை எழுதாம விட்டா என் வேலை போயிரும் மேடம்."

அவன் கெட்டவனாக இருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். கத்தித் தீர்த்திருக்கலாம். பாவம், அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னான். ரெஜினா விடவில்லை.

"போன வருசம் எனக்கு ராமநாதபுரத்துல பித்தப்பை ஆபரேஷன். இன்சூரன்ஸ்தான் குடுத்துச்சு. ஒரு கேள்வி கேக்கல. அந்த நம்பிக்கையிலதான் இவனுக்கும் எடுத்தேன். மனுசிக்குக் குடுத்தவங்க வாயில்லாத ஜீவனுக்குக் குடுக்க மாட்டீகளா?"

"விடு ரெஜினா" என்றான் டேவிட்ராஜ். அவன் குரல் என்னமோ போல இருந்தது.

"என்னத்த விட? நீங்க சும்மா இருங்க."

வசந்தகுமார் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னான். "வேலை செய்யற நாய்களுக்குன்னு எங்ககிட்டத் தனித் திட்டம் இருக்கு மேடம். கடல், படகு எல்லாம் சேர்த்தே எடுத்துக்கலாம். முன்னாடியே உங்ககிட்ட யாராவது சொல்லியிருக்கணும். வேணும்னா இன்னிக்கே பதியலாம்."

"பதிஞ்சா ஆபரேஷனுக்குக் கிடைக்குமா?"

"ஏற்கனவே இருக்கற காயத்துக்குப் பொருந்தாது. அந்தக் காலை விலக்கிட்டு மத்தபடி எல்லாத்துக்கும் கிடைக்கும்."

"அப்ப மூணு காலுக்கு இன்சூரன்ஸு."

"அப்படித்தான் மேடம்" என்றான் அவன், மறைக்காமல்.

ரெஜினாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எத்தனை பேருக்கு எத்தனை விண்ணப்பம் படித்துச் சொன்னவள்! கடல் என்ற ஒரு வாசலை அடைத்துக்கொண்டு காவல் நின்றிருக்கிறாள். கொல்லைப்புறக் கதவு ஆவென்று திறந்து கிடந்திருக்கிறது. கடலுக்குப் போகிற ஆள் யாராக இருந்தாலும் பங்கு கொடுப்பது இந்தக் கரையில் மூச்சு விடுவது போல. அது ஒரு குற்றமாகும் என்று இங்கே யாருக்குத் தோன்றும்?

வசந்தகுமார் மறுப்பை எழுதி முடித்தான். தேநீரைத் தொடாமலே எழுந்து, சுக்கானின் தலையை ஒரு தடவை தடவிவிட்டு, "மன்னிச்சிருங்க" என்று பொதுவாகச் சொல்லிக் கிளம்பினான்.

பைக் சத்தம் அடங்கிய பிறகுதான் சூசைமுத்துவுக்கு விசயம் விளங்கியது. தான் வாயைத் திறந்ததால் நாய்க்குக் கால் போகப்போகிறது என்று தெரிந்ததும் மனுசன் தலையில் அடித்துக்கொண்டார்.

"பாவி நான். உசத்தியாச் சொன்னா நல்லா எழுதுவான்னு நினைச்சேனே தாயி."

"விடுங்க மாமா. நடந்தது நடந்து போச்சு" என்றாள் ரெஜினா. உள்ளுக்குள் அவர் மேல் கொதித்துக்கொண்டுதான் இருந்தாள். அழுகிற கிழவரை என்ன சொல்ல?

சூசைமுத்து மூக்கைச் சிந்திவிட்டுத் திடீரென்று நிமிர்ந்தார்.

"ஏலே டேவிட்டு! நாம என்னத்துக்கு அவன்கிட்டப் போயி நிக்கணும்? சுக்கானோட பங்கு இருக்குல்ல! அவனுக்கு ஆத்திர அவசரம்னா ஆகும்னுதான உன் கையில குடுத்து வைக்கோம். அதை எடுத்துட்டுக் கிளம்புங்க. நான் ஆட்டோவுக்குச் சொல்றேன்."

"ஆமால்ல!" என்றார்கள் மற்ற இரண்டு பேரும். அவர்கள் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. கம்பெனி கைவிட்டாலும் கரை கைவிடாது என்ற சந்தோசம்.

ரெஜினாவுக்கும் ஒரு கணம் அந்தச் சந்தோசம் வந்தது. தனக்குத் தெரியாமல் புருசன் இப்படி ஒரு பணத்தைச் சேர்த்து வைத்திருக்கிறானே என்ற கோபத்தைக்கூடப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவன் பக்கம் திரும்பினாள்.

டேவிட்ராஜ் சுக்கானின் காதையே பார்த்துக்கொண்டிருந்தான். கழுத்து நரம்பு துடித்தது. பதினாறு வருசம் குடித்தனம் நடத்தியவளுக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. பணம் இல்லை.

இந்தக் கரையில் குடிக்கலாம், சண்டை போடலாம், கோர்ட்டுக்குக்கூடப் போகலாம். எல்லாவற்றையும் மன்னித்துவிடுவார்கள். நம்பிக் கொடுத்த பங்கில் கை வைத்தவனோடு மட்டும் மறுநாள் யாரும் வள்ளம் ஏற மாட்டார்கள். சொந்தச் சித்தப்பா என்றாலும் ஏற மாட்டார். அதுவும் வாயில்லாத ஜீவனின் பங்கு.

"என்ன டேவிட்டு, பேசாம இருக்க?" என்றார் சூசைமுத்து. கூட இருந்தவர்களில் ஒருவன் இன்னொருவனைப் பார்த்தான். அந்தப் பார்வையை ரெஜினாவால் தாங்க முடியவில்லை.

"அவுககிட்ட எங்க இருக்கு மாமா? என்கிட்டதான் குடுத்து வச்சிருக்காக" என்றாள். "உள்ள பீரோவுல இருக்கு. நீங்க ஆட்டோவக் கூப்பிடுங்க. எடுத்துட்டு வாரேன்."

எப்படி வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. காலையில் இருந்து ஒரு பொய்கூடச் சொல்லாமல் கவனமாக இருந்தவள்.

சூசைமுத்து சந்தோசமாகக் கிளம்பினார். டேவிட்ராஜ் அவள் பின்னால் உள்ளே வந்தான். அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

"யாருக்குக் குடுத்தீங்க?"

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"உங்க அக்காவுக்கா? சீட்டாடித் தோத்தீகளா? வாயைத் திறங்க. அங்கன நாலு பேரு நிக்காக. சாயந்தரத்துக்குள்ள போகலைன்னா அவன் காலை வெட்டிருவாக. உங்க மானத்தைக் காப்பாத்த அவன் காலை நான் பணயம் வச்சிருக்கேன், தெரியுதா? யாருக்குக் குடுத்தீங்க?"

"உனக்குத்தான்."

"எனக்கா?"

"போன வருசம் உன் ஆபரேஷனுக்குக் கம்பெனிக்காரன் குடுக்கல, ரெஜினா. பித்தப்பையில கல்லு, பாலிசி எடுக்கறதுக்கு முன்னாடியே இருந்ததாம். முடியாதுன்னுட்டான். நீ மயக்கத்துல கிடந்த. கண்ணு முழிச்சதும் எப்படி இருக்கேன்னுகூடக் கேக்கல. 'இன்சூரன்ஸ் குடுத்துருச்சா'ன்னுதான் கேட்ட." அவன் சுவரைப் பார்த்துச் சொன்னான். "நீயே படிச்சுப் பாத்து எடுத்த பாலிசி. இல்லைன்னு சொல்ல எனக்கு மனசு வரல. ஆமான்னுட்டேன். சுக்கானோட பங்கை அள்ளிக் குடுத்தேன். மீதிக்குக் கடன் வாங்குனேன். அதுக்குப் பெறகு வந்த பங்கும் அந்தக் கடனுக்குத்தான் போகுது."

ரெஜினா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

அவன் மேல் கோபம் வந்தது. அவனை நினைத்து அழுகை வந்தது. எது முதலில் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதற்கும் மேலே இன்னொன்று இருந்தது. 'எனக்கே இன்சூரன்ஸ் குடுத்துச்சு, தைரியமாப் போடுங்க' என்று இந்த ஒரு வருசத்தில் மையத்துக்கு வந்த எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள்? வலைக்காரப் பெண்கள், கருவாடு காயப்போடுகிறவர்கள், வயிற்றைக் கட்டிப் பணம் கட்டினவர்கள். ரெஜினா பார்த்துவிட்டாள், அப்பச் சரி என்று நம்பினவர்கள்.

"என்னைய நடமாட வச்சது அந்த நாயா?" என்றாள் மெதுவாக.



வெளியே ஆட்டோ வந்து நின்றது. சுக்கானைத் தூக்குகிற சத்தம் கேட்டது. வலி தாங்காமல் ஒரு தடவை கத்தியது. "இந்தா முடிஞ்சுருச்சுடா, முடிஞ்சுருச்சு" என்று சூசைமுத்து அதைக் கொஞ்சினார். பிறகு கதவைத் தட்டினார்.

"தாயி, எடுத்தாச்சா?"

டேவிட்ராஜ் அவளைப் பார்த்தான். சொல்லிவிடுவோம் என்று அவன் கண் கெஞ்சியது. ரெஜினா எழுந்தாள். ஆணியில் தொங்கிய கைப்பையை எடுத்தாள். அதில் சீப்பும் செபமாலையும் சில்லறையும்தான் கிடந்தன.

"எடுத்தாச்சு மாமா" என்று சொல்லி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள்.